கூடை முடைந்த கையும் குளியலறைக் கைப்பிடியும்

குளித்தல், உடுத்தல், உண்ணல், எழுதல், நடத்தல் ஆகிய எல்லாமே தமிழ் இலக்கணத்தில் தொழிற்பெயர்கள். சைவ சித்தாந்தம் இறைவனுக்கே ஐந்தொழில் வகுத்திருக்கிறது. அவற்றில் எதற்கும் சம்பளம் கிடையாது. ஆனால் இன்றைய பேச்சில் தொழில் என்ற சொல் பிழைப்பு என்பதாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பதைத் தொழில்வழிச் சிகிச்சை என்று தமிழில் சொன்னதும், கைத்தொழில் கற்றுக்கொடுத்து வேலைக்கு அனுப்பும் பயிற்சிப் பட்டறை என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். இலக்கணக்காரர்கள் பிடித்து வைத்திருக்கும் பழைய பொருளே அந்தத் துறைக்குச் சரியாகப் பொருந்தும். மனிதர் ஒரு நாளில் செய்யும் ஒவ்வொரு செயலும் அதற்குத் தொழில்தான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளிலும் காசநோய் விடுதிகளிலும் கூடை முடையக் கற்றுக்கொடுத்த இந்தத் துறை, அதே நூற்றாண்டு முடிவதற்குள் பல்கலைக்கழகத்தில் இடம்பிடித்து, முதியோர் விழுவதைத் தடுப்பது பற்றிய ஆராய்ச்சியில் முன்னணிக்கு வந்தது. அது எப்படி நடந்தது என்பதோடு, அந்த ஆராய்ச்சி எதை மெய்ப்பித்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வழுக்கும் விரிப்பை எடுத்துவிட்டால் கிழவர்கள் விழமாட்டார்கள் என்பதை மெய்ப்பித்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மருந்தாக வேலை செய்தது விரிப்பை எடுத்ததைவிட, அந்த மனிதரின் அன்றாடச் செயலில் வந்த மாற்றம்தான். இத்துறையைத் தொடங்கியவர்கள் நம்பியதும் அதைத்தான். அதற்குச் சான்று கிடைக்க எண்பது ஆண்டுகள் ஆயின.

மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை விட்டு, தோட்டவேலையும் தையலும் கொடுத்துப் பார்க்கலாம் என்று இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்ற குவேக்கர் வணிகர் 1796-இல் ஒரு விடுதி தொடங்கினார். பாரிஸில் பினேல் என்ற மருத்துவரும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே திசையில் சென்றார். இந்தக் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மங்கி, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மறுபடி துளிர்த்தது. 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், ‘ஆறுதல் இல்லம்’ என்று பெயரிடப்பட்ட ஒரு வீட்டில் ஆறு பேர் கூடி இத்துறைக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயில் அடிபட்டு, காலில் அறுவை நடந்து, உடலின் ஒரு பக்கம் செயலிழந்து, பின்பு தச்சுவேலையும் தோட்டவேலையும் செய்தே தேறியவர். அங்கே வந்திருந்த தாமஸ் கிட்னரும் கட்டடத் துறையைச் சேர்ந்தவர். உடனிருந்த டன்டன் மனநல மருத்துவர். எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூகப் பணியிலிருந்து வந்தவர். துறை பிறந்த அறையில் கட்டடம் தெரிந்தவர்கள் இருவர் இருந்தும், நோயாளி வாழும் கட்டடத்தின் மீது துறையின் பார்வை திரும்பப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அவர்களின் கண் அன்று பழக்கத்தின் மீது இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், 1922-இல் அச்சான கட்டுரையில், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் ஆகிய நான்கின் தாளம் குலைவதே பல மனநோய்களின் கூறு என்றும், சொல்லிக்கொடுப்பதால் அன்றிச் செய்து பழகுவதால்தான் அந்தத் தாளம் மீளும் என்றும் வாதிட்டார். ஸ்லேகிள் இதையே ‘பழக்கப் பயிற்சி’ என்ற முறையாக வகுத்து, நெடுநாள் நோயாளிகளின் நாள் முழுவதையும் எழுவது முதல் படுப்பது வரை ஒழுங்குபடுத்தினார். ஆனால் அதற்குள் முதல் உலகப் போர் துறையை வேறு பக்கம் இழுத்திருந்தது. காயம்பட்ட சிப்பாய்களின் கைகளுக்கு வேலை கொடுக்க ஆள் தேவைப்பட்டது. நெசவும் மரவேலையும் கூடை முடைதலும் மருத்துவமனைகளின் நடைமுறையாயின. அளக்கவும் பதிவு செய்யவும் எளிதான கைவினை நிலைத்தது. அளக்க முடியாத பழக்கம் பின்னுக்குப் போனது. பெரும்பாலும் பெண்களே செய்த வேலை என்பதால் ‘கூடைக்காரம்மா’ என்ற தோரணையில் மருத்துவர்கள் அதைப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் இத்துறையைக் கற்பித்த மேரி ரெய்லி 1961-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் தன் சகாக்களிடம் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான்: இருபதாம் நூற்றாண்டு மருத்துவத்தின் பெருங்கருத்துகளில் ஒன்று நம் கையில் இருக்கிறது என்றால், அதை மெய்ப்பிக்கும் வேலையை யார் செய்யப் போகிறார்கள்?

மெய்ப்பிக்கும் களம் முதுமையின் வடிவில் வந்தது. லண்டனுக்கு மேற்கே ஒரு மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற மருத்துவர், 1935-இல் பக்கத்து ஏழையர் விடுதியின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தம் பொறுப்பில் ஏற்றார். தீராநோயாளிகள் என்று படுக்கையோடு படுக்கையாகக் கைவிடப்பட்டவர்கள் அவர்கள். ஒவ்வொருவரையும் சோதித்து, எழுப்பி உட்காரவைத்து, நடக்கவைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பினார். படுக்கையில் கிடந்ததே அவர்களில் பலரின் நோயாக இருந்தது என்று உலகுக்குக் காட்டினார். உல்வர்ஹாம்டன் நகரின் ஷெல்டன் 1960-இல், முதியோர் விழுந்த 500 சம்பவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார். விழுவது விதியன்று, அதற்கும் இயற்கை வரலாறு உண்டு என்பது அந்தக் கட்டுரையின் செய்தி. 1963-இல் கிளீவ்லாந்தில் சிட்னி காட்ஸ் ஒரு பட்டியலை வெளியிட்டார். குளித்தல், உடுத்தல், கழிப்பறை போதல், படுக்கையிலிருந்து இடம்பெயர்தல், மலசலத்தை அடக்கி வைத்தல், உண்ணல் என்று அதில் ஆறு செயல்கள். முதியவரின் நிலையை நோயின் பெயரால் அளக்காமல் தொழிற்பெயரால் அளந்த பட்டியல் அது. குழந்தை இவற்றைக் கற்கும் வரிசையும் நோயுற்ற முதியவர் மீட்கும் வரிசையும் ஒத்துப்போவதாகவும் அவர் கண்டார். 1969-இல் லாட்டனும் பிராடியும் பிலடெல்பியாவில் இன்னொரு படி மேலே போய், தொலைபேசி, கடைகண்ணி, சமையல், வீட்டுவேலை, துணிதுவைத்தல், பயணம், மருந்து, பணம் என்று எட்டைச் சேர்த்தார்கள். ஆண்களுக்கு மட்டும் சமையலும் வீட்டுவேலையும் துவையலும் கணக்கில் எடுக்கப்படவில்லை. சுடுசோறு கேட்டு மட்டுமே பழகியவரைச் சமைக்கத் தெரியாததற்காக நோயாளி என்று எழுதிவிடக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கலாம். ஆனால் அளவுகோல் என்பது உடலை மட்டும் அளப்பதில்லை, அந்த ஊரின் பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

அளவுகோல்கள் வந்துவிட்டன, ஆனால் அளப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களும் உளவியலாளர்களும்தான். ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்கள் ஆய்வாளர்கள் ஆவதற்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்க வேண்டியிருந்தது. இரண்டு இடங்களில் அது திறந்த விதத்தைக் கவனிக்கலாம். அமெரிக்காவில் தென்கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், எலிசபெத் யெர்க்ஸா போன்றோரின் முயற்சியால் 1989-இல் ‘செயலறிவியல்’ என்ற பெயரில் முனைவர் படிப்பைத் தொடங்கியது. அங்கே கருத்து முதலில் வந்தது. ஆஸ்திரேலியாவில் அரசாணை முதலில் வந்தது. கல்வி அமைச்சர் ஜான் டாகின்ஸ் 1988-இல் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி தொழிற்கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டன. சிட்னியின் கம்பர்லாந்து சுகாதாரக் கல்லூரியும் 1990-ஐ ஒட்டிச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பகுதியாயிற்று. அதுவரை வகுப்பெடுத்தால் போதும் என்றிருந்த ஆசிரியர்கள் இப்போது ஆய்வும் செய்தாக வேண்டும். இது சுமையாகத்தான் வந்தது. ஆனால் வார்டிலும் வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துச் சேர்த்த கேள்விகளோடு ஒரு தலைமுறை பல்கலைக்கழகத்துக்குள் வந்தது. அந்தத் தலைமுறையின் பணிவாழ்வை ஒரு பெயரில் சுருக்கிக் காட்டலாம் என்றால் அது லிண்டி கிளெம்சன். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் முதுமை குறித்தும் ஆக்குபேஷனல் தெரபி குறித்தும் பேராசிரியராக இருந்தவர். 1997-இல் ஒரு சோதனைப் பட்டியல், 2004-லும் 2012-லும் இரண்டு கள ஆய்வுகள், 2023-இல் உலக ஆய்வுகளையெல்லாம் தொகுத்த ஒரு மதிப்பீடு என்று அவர் பெயரில் வந்த வெளியீடுகளை வரிசையாக வைத்தாலே துறையின் சிந்தனை எப்படி நகர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

முதலாவது, வெஸ்ட்மீட் வீட்டுப் பாதுகாப்பு மதிப்பீடு. வீட்டுக்குள் அறை அறையாகப் போய் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். எழுபத்தெட்டு வயதான ஒருவர் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுவதை மட்டும் நினைத்துப் பார்த்தால் அதன் அருமை புரியும். கட்டில் தாழ்வாக இருந்தால் தொடையில் அதிக வலு வேண்டும்; உயரமாக இருந்தால் பாதம் தரையைத் தேடும். சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். விளக்கின் பொத்தான் கதவருகே இருக்கிறது. அதுவரை இருட்டில் ஏழெட்டு எட்டுகள். மூக்குக்கண்ணாடி மேசையில். வழியில் ஓரம் சுருண்ட விரிப்பு. குளியலறை வாசலில் அரை அங்குல மேடு. உள்ளே ஈரம். பிடித்துக்கொள்ளக் கைக்கு எட்டுவது துண்டு போடும் கம்பி. அது உடல் எடையைத் தாங்கப் பொருத்தியதன்று. இத்தனையும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிகிறது. இதில் எந்த ஒன்றையும் தனியாகக் குற்றவாளி என்று நிறுத்த முடியாது. மேடும் ஈரமும் பத்தாண்டுகளாக அங்கேயே இருந்தவை. அவற்றோடு அந்த மனிதர் செய்துகொண்டிருந்த உடன்பாடு மட்டும்தான் முறிந்துபோயிருக்கிறது.

அந்த உடன்பாட்டின் மீது பார்வையைத் திருப்பிய ஆய்வு 1999-இல் சிட்னியில் ராபர்ட் கம்மிங் குழுவினர் வெளியிட்டது. கிளெம்சனும் அக்குழுவில் இருந்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் 530 முதியோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் போய்ப் பார்த்து ஆலோசனை சொன்னார். மறு பிரிவினருக்கு அது இல்லை. முன்பே விழுந்த அனுபவம் உள்ளவர்களிடம், வருகை பெற்றவர்கள் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதனுள்ளே ஒரு புதிரும் இருந்தது: அவர்கள் வீட்டுக்குள் விழுவது மட்டும் குறையவில்லை, வெளியே விழுவதும் குறைந்தது. படுக்கையறை விரிப்பை எடுத்ததால் கடைத்தெரு நடைபாதையில் ஒருவர் விழாமல் இருக்க முடியுமா? மாற்றம் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அதே ஆய்வைத் தொடர்ந்து பார்த்தபோது, சொன்ன ஆலோசனைகளில் ஏறத்தாழப் பாதிதான் ஓராண்டுக்குப் பிறகு நடைமுறையில் இருந்தது. வீட்டை மாற்றினால் விழுவதைத் தடுக்கலாம் என்று நம்பியவர்களே மற்றவர்களைவிட அதிகம் சொன்னதைச் செய்திருந்தார்கள். முதியோரிடம் நேர்காணல் செய்து கிளெம்சன் குழுவினர் 1999-இலேயே எழுதிய கட்டுரையும் இதற்கு ஒத்துப்போகிறது: தம் வீட்டின் மீது தமக்குள்ள உரிமையை விட்டுக்கொடுக்காத வகையில் வந்த யோசனையைத்தான் அவர்கள் ஏற்றார்கள். இரவல் கண்ணோடு வந்தவர் சொன்னதற்காக யாரும் நாற்பது ஆண்டு விரிப்பைச் சுருட்டி வைப்பதில்லை.

அடுத்த இரண்டு ஆய்வுகளும் இந்தப் புதிரை நேராக எடுத்துக்கொண்டன. 2004-இல் வந்தது ‘ஸ்டெப்பிங் ஆன்’. விழுந்தவர்களும் விழுவோமோ என்று அஞ்சியவர்களுமான 310 பேரில் ஒரு பாதியினர் ஏழு வாரம் சிறு குழுக்களாகக் கூடி, கால்வலு, பார்வை, மருந்து, செருப்பு, தெருவில் நடத்தல் எல்லாவற்றையும் தம் அனுபவத்தை முன்வைத்துப் பேசி, தாமே முடிவெடுத்தார்கள். விழுவது 31 விழுக்காடு குறைந்தது. 2012-இல் வந்த ‘லைஃப்’ ஆய்வு இன்னும் துணிச்சலானது. 317 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தனியே நேரம் ஒதுக்கிச் செய்யும் வழக்கமான உடற்பயிற்சி, இன்னொரு பிரிவினருக்கு மென்மையான சாதாரணப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்குத் தனிப் பயிற்சியே இல்லை; அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சி. சமையல் மேடையருகே நிற்கும்போது ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் வரிசையாக வைத்து நிற்றல், கீழ் இழுப்பறையை மூடக் குனிவதற்குப் பதில் முழங்கால் மடக்கி அமர்தல், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுதல். வாரத்துக்கு மூன்று நாள் என்று நேரம் குறித்துச் செய்ய வேண்டியதில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் பயிற்சி தானே நடந்துவிடும். மென்பயிற்சிப் பிரிவோடு ஒப்பிட இவர்கள் விழுவது 31 விழுக்காடு குறைந்தது; தனி உடற்பயிற்சிப் பிரிவில் அத்தகைய உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. 1920-களில் ஸ்லேகிள் சொன்ன பழக்கப் பயிற்சிதான் இது. அவர் கையில் இல்லாத எண்களோடு திரும்பி வந்திருந்தது.

அப்படியானால் முதியோரை ஏதேனும் செயலில் ஈடுபடுத்தினால் போதுமா? பசிபிக்கின் மறுகரையில் தென்கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் கிளார்க் இதற்கு முன்பே விடை தந்துவிட்டார். லாஸ் ஏஞ்சலஸில் அரசு மானியக் குடியிருப்புகளில் வாழ்ந்த பல இனத்து முதியோர் 361 பேரிடம் ஒன்பது மாதம் நடத்திய ஆய்வு 1997-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. ஒரு பிரிவினர் தெரபிஸ்டுகளோடு உட்கார்ந்து தம் நாளை ஆராய்ந்து மாற்றியமைத்தார்கள். இரண்டாம் பிரிவினருக்குக் கைவினை, படம் பார்த்தல், விளையாட்டு, உல்லாசப் பயணம் என்று பொழுதுபோக்கு. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. முதல் பிரிவினரின் உடல்நலத்திலும் வாழ்க்கைத் திருப்தியிலும் தெளிவான ஆதாயம் தெரிந்தது. பொழுதுபோக்குப் பிரிவுக்கும் ஒன்றுமே பெறாத பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கைக்கு வேலை கொடுத்தால் மனம் தேறும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது சரியான அடி. துறையின் பெயரில் பல பத்தாண்டுகள் நடந்த கூடை முடைதலைத் துறையின் ஆய்வே தள்ளுபடி செய்தது. தன்னுடைய பழைய வழக்கத்தைத் தானே சோதித்துப் பார்க்கத் துணிவதுதான் கைத்தொழில் கல்வித்துறை ஆவதற்கான அடையாளம் என்றால், அது அந்த ஆண்டு நிகழ்ந்தது.

இதையெல்லாம் அறிய ஆராய்ச்சி எதற்கு, பாட்டி சொன்னால் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பொது அறிவு எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பதற்குச் சிட்னியிலேயே ஒரு பதில் இருக்கிறது. பார்வை மங்கியவர் தடுக்கி விழுவார். ஆகவே கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி கொடுத்தால் விழுவது குறையும். இதை மறுக்க யாருக்குத் தோன்றும்? 616 பேரை வைத்துக் கம்மிங் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கண் சோதனையும் தேவையான கண்ணாடியும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள். புதுக் கண்ணாடியில் படிக்கட்டின் விளிம்பும் தரையின் ஆழமும் இடம்மாறித் தெரியும். பழைய மங்கலோடு பழகியிருந்த கால் தடுமாறும். ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் இது ஒன்று. இங்கும் பிடிபட்டது கண் கோளாறு அல்ல, பழக்கம். 2023-இல் கிளெம்சன் தலைமையில் வந்த காக்ரேன் மதிப்பீடு 22 ஆய்வுகளையும் 8,463 பேரையும் தொகுத்துப் பார்த்தது. வீட்டு இடர்களைக் குறைப்பதால் விழுவது 26 விழுக்காடு குறைகிறது. அண்மையில் விழுந்தவர், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர் என்று இடர் மிகுந்தவர்களிடம் அது 38 விழுக்காடு. அப்படித் தேர்ந்தெடுக்கப்படாதவர்களிடம் குறைவே இல்லை. விரிப்புதான் காரணம் என்றால் எல்லோர் வீட்டிலும் அதை எடுத்தால் எல்லோருக்கும் பலன் கிடைத்திருக்க வேண்டுமே.

இரண்டாவது ஆட்சேபம் கடுமையானது. இந்த வெற்றிகள் எல்லா இடத்திலும் திரும்ப நிகழவில்லை. கிளார்க்கின் முறையை ஒட்டி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 288 பேரிடம் நடந்த ‘லைஃப்ஸ்டைல் மேட்டர்ஸ்’ ஆய்வு, மனநலத்தில் வேறுபாடு காணவில்லை என்று 2017-இல் அறிவித்தது. 2021-இல் பிரிட்டனில் 1,331 பேரை வைத்து வெளியான ஓட்டிஸ் ஆய்வில், தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து இடர்களைப் பார்த்தும் விழுவது குறையவில்லை. தற்செயல் எல்லைக்குள் என்றாலும் எண்ணிக்கை சற்றுக் கூடியே இருந்தது. இதை ஒதுக்கிவிட்டு மேலே போவது நேர்மையன்று. ஓட்டிஸில் நடந்தது ஏறத்தாழ ஒரே ஒரு வருகை. ஒரு வருகையில் இடத்தைப் பார்க்கலாம், பழக்கத்தை மாற்ற முடியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 1999 ஆய்விலும் வீட்டு வருகை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், சிட்னியில் வருகை பெற்றவர்கள் அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்கள். அவர்களது பழைய வழக்கம் ஏற்கெனவே குலைந்து, புதியது இன்னும் அமையவில்லை. சூடாக இருக்கும்போது இரும்பு வளையும். இது என் ஊகம்தான். ஆனால் ஒரே கருவி ஓரிடத்தில் வேலை செய்து மற்றோரிடத்தில் செய்யாததை விளக்க, விரிப்பை மையமாகக் கொண்ட விளக்கத்தைவிடப் பழக்கத்தை மையமாகக் கொண்ட விளக்கமே உதவுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் அரசியல் சார்ந்தது. பழக்கம் பழக்கம் என்று சொல்லிக் கடைசியில் விழுந்த பழியையும் முதியவர் தலையிலேயே கட்டுவதாகாதா? ஒழுகும் கூரைக்கும் கைப்பிடி இல்லாத படிக்கட்டுக்கும் வீட்டுச் சொந்தக்காரரும் அரசும் பொறுப்பில்லையா? பொறுப்புதான். பால்டிமோர் நகரில் சாரா சான்டன் என்ற செவிலியத் துறை ஆய்வாளர் நடத்திய ‘கேப்பபிள்’ திட்டம் இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் சேர்த்தது. வருமானம் குறைந்த முதியோர் வீட்டுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், செவிலியர், பழுதுபார்க்கும் மேஸ்திரி என்று மூவர் போகிறார்கள். ஆனால் மேஸ்திரி முதலில் போவதில்லை. உங்களுக்கு எதைச் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது, எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது என்ற கேள்வி முதலில். தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால், அதற்கு வாசற்படி ஏற வேண்டும், அதற்குக் கைப்பிடி வேண்டும் என்று வேலை அவர் ஆசையிலிருந்து பின்னோக்கி வருகிறது. 300 பேரை வைத்து 2019-இல் வெளியான முடிவில், அன்றாடச் செயல்களில் இயலாமை ஒப்பீட்டுப் பிரிவைவிட 30 விழுக்காடு குறைந்திருந்தது. சிமெண்டும் மரமும் வாங்கப் பணம் வேண்டும் என்பதை இத்திட்டம் மறைக்கவில்லை. எதற்காக வாங்குவது என்பதை அங்கே வாழ்பவரே தீர்மானிக்கிறார் என்பதுதான் அதன் தனித்தன்மை.

இந்த வரலாற்றில் இந்தியா வேடிக்கை பார்த்த நாடன்று. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் ஆசியாவின் முதல் ஆக்குபேஷனல் தெரபிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் இத்துறையின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதன் நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1950-களின் தொடக்கத்தில் வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொடங்கிய ‘புதுவாழ்வு மையம்’ தொழுநோயால் கை மரத்தவர்களுக்கு அறுவைக்குப் பின் தச்சு முதலான தொழில்களைக் கற்றுக்கொடுத்தது. உணர்ச்சியற்ற கைக்கு ஏற்றபடி கருவிகளின் பிடி மாற வேண்டும் என்பது அங்கே அன்றாடப் பாடம். ஆனால் முதுமை ஆராய்ச்சி இங்கே மேற்கின் அளவுகோலோடு வந்தது. லாட்டனின் எட்டுக் கேள்விகள் தொலைபேசியோ வங்கிக் கணக்கோ இல்லாத கிராமத்து மூதாட்டியிடம் எதையும் அளக்காது. ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப்படிக்கத் தெரியாத முதியோரிடம் பணிபுரிந்த ஆய்வுக்குழு, அவர்களின் நாளைப் பார்த்து அதிலிருந்தே கேள்விகளை எடுத்து 1999-இல் ஒரு புதிய பட்டியலை வெளியிட்டது. 2011 கணக்கெடுப்பில் அறுபதைக் கடந்தவர்கள் 10.38 கோடிப் பேர் இருந்த நாட்டில் இத்தகைய வேலை இன்னும் பெருக வேண்டும். தரையில் அமர்ந்து உண்பவரின், குந்தி அமரும் கழிப்பறையை நாடுபவரின், நிலைப்படி தாண்டிக் கோலம் போடக் குனிபவரின் விழுதல் சிட்னிக்காரரின் விழுதலன்று.

இறக்குமதி செய்ய வேண்டியது பட்டியலையா, பட்டியலுக்குப் பின்னால் உள்ள முறையையா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இயன்முறை மருத்துவத்தையும் வலிதணிப்புச் சேவையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. வாசல் வரை போகும் வழி திறந்திருக்கிறது. வாசலைத் தாண்டி உள்ளே போகிறவர் கையில் குறைகளைக் குறிக்கும் படிவம் மட்டும் இருந்தால், எங்கும் ஒரே உயரத்தில் கைப்பிடி பொருத்திவிட்டு வரலாம். எண்ணிக்கையும் அழகாக இருக்கும். நூறாண்டு வரலாறு அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. கைவினையைக் கொடுத்துப் பார்த்தார்கள், கண்ணாடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், விரிப்பை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மனிதர் தன் நாளை எப்படி நடத்துகிறார் என்று கேட்ட இடங்களில்தான் பெரும்பாலும் பலன் தெரிந்தது. குளியலறைக் கைப்பிடியை எங்கே பொருத்துவது என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் தரையில் தடுமாறும்போது அந்தக் கை எங்கே போய்த் தேடுகிறது என்று ஒருமுறை உடனிருந்து பார்க்க வேண்டும்.